ஆறுதல், தேறுதல், திடன்: திருச்சித் திருச்சபை மக்களுக்கு ஒரு திறந்த மடல்



கோட்டைப் பகுதியின் பழைய கிறிஸ்து ஆலயத்தில் கூடுகிறவர்களே, மேலப்புதூர் பேராலயத்திலும் தெப்பக்குளம் லூர்து அன்னை ஆலயத்திலும் பாலக்கரை சகாய மாதா ஆலயத்திலும் பூசை காண்கிறவர்களே, லுத்தரன் சபையாரே, வீட்டு மாடியில் ஷெட் போட்டு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களே! ஸ்தோத்திரம் என்று வாழ்த்துகிறவர்களுக்கு ஸ்தோத்திரம். இயேசுவுக்கே புகழ் என்று வாழ்த்துகிறவர்களுக்கு இயேசுவுக்கே புகழ்.

நான் அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஸ்ரீரங்கம் தீவில், திருவானைக்காவல் பக்கம் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுனுக்கு ஆராதனைக்கு வந்து, மறுபடி பாலத்தைத் தாண்டி வீடு திரும்புகிறவள். பிரசங்கம் செய்யப் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு காரியம் மனதை விட்டு நகர மறுக்கிறது. அதை உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கணவரை இழந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு தங்கை, துக்கத்துக்குப் பிறகு அன்றுதான் முதன்முதலாக ஆலயத்துக்கு வந்திருந்தாள். வேதப் பையை மார்போடு அணைத்தபடி மதில் ஓரமாகத் தனியே நின்றாள். ஒருவர் போய், "கர்த்தர் பாத்துக்குவார்மா" என்றார். இன்னொருவர், "ஜெபத்துல நினைச்சுக்குறோம்" என்றார். மூன்றாவதாகப் போனவள் நான். தோளைத் தொட்டு, "தைரியமா இரு தங்கச்சி" என்றேன். அதற்குள் 1ஆம் நம்பர் பஸ் வருவது தெரிந்தது. ஓடிப்போய் ஏறிவிட்டேன். சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது அவள் அதே இடத்தில், அதே மதில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நாங்கள் மூன்று பேர் சொன்னதிலும் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று பேருடைய சொல்லும் சேர்ந்து அவளை ஓர் அடிகூட நகர்த்தவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிறரைத் தேற்றுவது நம் விசுவாசத்தில் எந்த இடத்தில் இருக்கிறது? கடைசிப் பாட்டுக்கும் செருப்பு மாட்டுவதற்கும் நடுவில் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் செய்து முடிக்கிற காரியமா அது?

நம் தமிழ் வேதத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் நமக்கு மூன்று நல்ல சொற்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பர்னபா என்ற பெயருக்கு அவர்கள் கொடுத்த பொருள் ஆறுதலின் மகன். பரிசுத்த ஆவியானவருக்கு அவர்கள் சூட்டிய பெயர் தேற்றரவாளன். சிறுபிள்ளையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் பேராயரின் கையால் ஆசி பெறும் சடங்குக்கு நம் சபைகளில் திடப்படுத்தல் என்று பெயர். கத்தோலிக்கச் சகோதரர்கள் உறுதிபூசுதல் என்பார்கள். ஆறுதல், தேறுதல், திடன். துக்க வீட்டுக்குப் போய் வருவதை நம் ஊரில் "ஆறுதல் தேறுதல் சொல்லிட்டு வர்றேன்" என்றுதானே சொல்கிறோம்? இந்த மூன்று சொல்லையும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் ஆறுதல்.

பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. ஆறுகிற எதற்கும் நேரம் வேண்டும். கொதிக்கும் காபியை ஆற்றுகிறவர் டபராவையும் டம்ளரையும் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நிற்கத்தான் வேண்டும். "ஆறிடு" என்று சொல்லிவிட்டுப் போனால் காபி ஆறாது.

யோபுவின் மூன்று நண்பர்களை நாம் எப்போதும் குறை சொல்கிறோம். அவர்கள் வந்த உடனே செய்ததை மறந்துவிடுகிறோம். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்து, இது உன் பாவத்தின் பலன் என்று கணக்குப் போட ஆரம்பித்த பிறகுதான் அவன் புண்ணில் உப்பு விழுந்தது. முடிவில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது யோபுவிடம் இல்லை, அந்த மூவரிடம்.

வார்டில் இந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பார்வையாளர் நேரத்தில் வருவார்கள். கட்டிலின் கால்மாட்டில் நிற்பார்கள். உட்கார மாட்டார்கள். "எங்கயாவது தடை இருக்கும், ஆராய்ஞ்சு பாருங்க" என்பார்கள். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், விசுவாசம் குறைந்ததுதான் காரணம் என்று சொன்னவரையும் என் காதால் கேட்டேன். அந்தத் தாய் அதன்பிறகு எந்த ஆலயத்துக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. அன்பினால்தான் சொன்னேன் என்று சொன்னவர் நினைத்திருக்கலாம். ஆனால் அன்பு முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும்.

ஆறுதலை நான் யாரிடம் கற்றேன் தெரியுமா? எங்கள் வார்டில் வேலை பார்த்த ஓர் ஆயாவிடம். சமயபுரத்தாளை வாய்க்கு வாய் கூப்பிடுகிறவர். ஒரு மே மாதம், தேர்வு முடிவு வந்த வாரம், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வார்டில் சேர்க்கப்பட்டாள். உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேட்டார்கள். மாலையில் கூட்டம் போனதும் ஆயா தன் துணிப்பையிலிருந்து சின்னத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், "தலை சிக்காக் கெடக்கு, எழுந்திரு தாயி" என்றார். சிக்கு எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. பாதிப் பின்னலில் அந்தப் பெண் விம்ம ஆரம்பித்தாள். ஆயாவின் கை நிற்கவில்லை. சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பின்னி முடித்தார். கட்டுவதற்கு ரிப்பன் இல்லை. என்னிடம் கேட்டு ஒரு முழம் காஸ் துணியை வாங்கி, நுனியில் பூப்போலக் கட்டிவிட்டார். "இப்ப பாரு" என்றார். அந்தப் பிள்ளை முதன்முதலாகத் திரும்பி உட்கார்ந்து, பசிக்கிறது என்றது.

தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவைப் படித்தபோது எனக்கு இந்த ஆயாதான் நினைவுக்கு வந்தார். டூட்டு சிறுவனாக இருந்தபோது, வீட்டு வேலை செய்யும் தன் தாயோடு தெருவில் நின்றிருந்தார். அந்த வழியாகப் போன வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் தொப்பியைக் கழற்றி அந்தத் தாய்க்கு மரியாதை செய்துவிட்டுப் போனார். கறுப்பினப் பெண்ணுக்கு ஒரு வெள்ளைக்காரர் தொப்பி கழற்றுவதை அந்தச் சிறுவன் அதுவரை பார்த்ததே இல்லை. அவர்தான் ட்ரெவர் ஹடில்ஸ்டன். பின்னால் டூட்டு காசநோயோடு ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அதே ஹடில்ஸ்டன் வாரந்தோறும் போய்ப் பார்த்தார். 1984இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய மனிதரைத் தூக்கி நிறுத்தியதில் அந்தத் தொப்பிக்கும் அந்த வாராந்தரப் பார்வைக்கும் பங்கு உண்டு என்று டூட்டுவே சொல்லியிருக்கிறார். வாரந்தோறும் என்பதைக் கவனியுங்கள். ஒருமுறை போய்ப் பார்ப்பது மரியாதை. மறுபடியும் போவதுதான் ஆறுதல்.

அடுத்தது தேறுதல்.

ஆடியில் காவிரியில் புதுத்தண்ணீர் வரும்போது செக்கச் செவேலென்று வரும். என் சிறுவயதில் அந்தத் தண்ணீரைத்தான் குடத்தில் மொண்டு வருவோம். அப்பாயி ஒரு தேற்றாங்கொட்டையை எடுத்துக் குடத்தின் உள்பக்கத்தில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். பிறகு தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார். காலையில் பார்த்தால் மேலே தண்ணீர் பளிங்காக நிற்கும். வண்டல் அடியில் படிந்திருக்கும். தண்ணீரில் மிதக்கிற மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்த்துக் கீழே இறக்கும் பொருள் அந்த விதையில் இருக்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மண் எங்கும் போய்விடவில்லை. குடத்தில்தான் இருக்கிறது. ஆனால் இனி அது தண்ணீரைக் கலக்காது.

தேற்றுதல் என்றால் தமிழில் இதுதான். கலங்கிய தண்ணீர் தேறுகிறது, கலங்கிய மனசும் தேறுகிறது. காய்ச்சல்காரர் தேறுகிறார். பரீட்சையில் பிள்ளை தேறுகிறான். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். இன்னொன்றையும் அப்பாயியின் கையில் நான் பார்த்தேன். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொட்டை கொஞ்சம் தேய்ந்துபோகும். தான் தேயாமல் அது தண்ணீரைத் தேற்றுவதில்லை.

எனக்காகத் தேய்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் தவறிவிட்டேன். நூற்றுக்கு 28. அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஞாயிறு ஆலயத்துக்கும் போகவில்லை. மறுநாள் மாலை, எங்கள் ஞாயிறு பள்ளி அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். சங்கு ஊதி வேலை முடிந்ததும் நேரே வந்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. வேதத்தைத் திறப்பார் என்று நினைத்தேன். "மார்க் சீட்டைக் கொண்டா" என்றார். வாங்கிப் பார்த்தார். "பாசுக்கு முப்பத்தஞ்சு. நீ இருபத்தெட்டு. இன்னும் ஏழுதானே? அந்த ஏழு மார்க் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடுவோம், வா" என்றார்.

பெயில் என்ற அந்தப் பெரிய இருட்டு, ஏழு என்ற எண்ணுக்குள் அடங்கியது அந்த நிமிடத்தில்தான். பழைய வினாத்தாள்களை விரித்தார். வட்டமும் முக்கோணமும் வரைகிற கணக்கைப் பயந்துபோய் நான் தொடாமலே விட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். காம்பஸில் பென்சிலை எப்படி இறுக்குவது என்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தார். வாரம் மூன்று நாள், மூன்று மாதம். அவருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். பொன்மலைக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஆறு இருந்தது. செப்டம்பரில் மறுபடி எழுதினேன். 46 வாங்கித் தேறினேன். இந்தக் கை பிற்பாடு எத்தனையோ பேருக்கு ஊசி போட்டது, கட்டுக் கட்டியது, கடைசி நேரத்தில் எத்தனையோ கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதெல்லாம் அந்த ஏழு மார்க்கிலிருந்து வந்ததுதான்.

அண்ணன் என்னைப் பார்த்து, "நீ பெரிய அறிவாளி" என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். புகழ்ச்சிக்கும் தேற்றுதலுக்கும் இதுதான் வித்தியாசம். உள்ள நிலைமையைப் பார்த்து, அதற்குள்ளேயே ஒரு வழியைக் காட்டி, அந்த வழியில் கூடவே நடக்கிறவர்தான் தேற்றுகிறவர்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் முதல் மூன்று இடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் மனசு கருதிச் செய்த நல்ல காரியம். நம் ஆலயங்களில் மட்டும் இன்னும் முதல் மூன்று பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுகிறோம். போடுங்கள், தப்பில்லை, உழைத்த பிள்ளைகள். ஆனால் அந்த ஞாயிறு யார் யார் ஆலயத்துக்கு வரவில்லை என்று ஒருவராவது எண்ணிப் பார்க்கிறோமா? சால்வை போட்ட அன்று மாலையே, வராத பிள்ளையின் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் போய் நிற்க வேண்டும்.

மூன்றாவது, திடன்.

ஆறுதல் ஒருவர் பக்கத்தில் உட்கார்கிறது. தேறுதல் அவரை எழுப்புகிறது. எழுந்தவரை நம்பி, ஊர் முன்னால் அவருக்காக வாய் திறந்து பேசுவதுதான் திடப்படுத்துவது. பர்னபா செய்தது இதை. சபையாரைத் துன்புறுத்திய சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் நம்பவில்லை, பயந்து ஒதுங்கினார்கள். பர்னபா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அப்போஸ்தலர்கள் முன்னால் நிறுத்தி, இவர் இன்னார், இன்னது நடந்தது என்று எடுத்துச் சொன்னார். பின்பு தர்சுவுக்குத் தேடிப்போய் அவரை அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தார். அதோடு விடவில்லை. வழியில் விட்டுவிட்டுத் திரும்பிப்போன இளைஞன் மாற்குவை மறுபடி ஊழியத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். கூடாது என்று மறுத்தவர் வேறு யாருமில்லை, பவுல் என்று பெயர் பெற்றுவிட்ட அந்தச் சவுல்தான். முன்பு பர்னபாவின் சாட்சியால் உள்ளே வந்தவர். அதனால் இருவரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவோடு கப்பல் ஏறினார். காலம் போன பிறகு, அதே மாற்குவை அழைத்து வா, எனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுலே எழுதினார். நம் வேதத்திலிருந்து பவுலின் நிருபங்களையும் மாற்கு சுவிசேஷத்தையும் எடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு பேருக்கும் பின்னால் நின்றவர் ஒருவரே. அவர் பெயரில் நம் புதிய ஏற்பாட்டில் ஒரு புத்தகமும் இல்லை.

இந்த வேலை நம் ஊர் மண்ணிலும் நடந்திருக்கிறது. 1762இல் திருச்சிக்கு வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், 1766இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டினார். அதே காலத்தில் இங்கே வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் இறந்தபோது, தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். பிற்பாடு தஞ்சாவூருக்குப் போனார். பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டு, தன்னோடு தஞ்சைக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். அந்தச் சிறுவன்தான் வேதநாயகம் சாஸ்திரியார். நாம் இன்றும் பாடுகிற கீர்த்தனைகளில் எத்தனை அவருடையவை!

பேராயர் ஹீபரின் கதை உங்களில் பலருக்குத் தெரியும்; அவர் பெயரில் கல்லூரியே இருக்கிறது. உலகம் அவரைப் பாமாலை எழுதியவராக அறியும். 1826 ஏப்ரல் முதல் தேதி அவர் திருச்சிக்கு வந்தார். 3ஆம் தேதி, திங்கட்கிழமை, விடியற்காலையிலேயே கோட்டை ஆலயத்துக்குப் போனார். தமிழ்க் கிறிஸ்தவர்களைத் திடப்படுத்தினார். ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். சபையார் அவரைச் சூழ்ந்துகொண்டு, எங்களுக்கு ஒரு போதகரைத் தாருங்கள் என்று கேட்டார்கள். செய்கிறேன் என்று அன்போடு வாக்குக் கொடுத்தார். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக் குளிக்கப் போனவர், குளிக்கும் தண்ணீரிலேயே இறந்துபோனார். வயது 42. நம் தூய யோவான் ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நான் அங்கே போகும்போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்வேன். அந்த மனிதர் இந்த உலகத்தில் கடைசியாகச் செய்த ஊழியம் திடப்படுத்தல். கடைசியாகப் பேசிய சபை நம்முடைய ஊர்ச் சபை. மொழி தெரியாத ஓர் ஆங்கிலேயர், நம் ஆட்களுக்கு நம் மொழியிலேயே ஆசி சொல்ல வேண்டும் என்று முயன்று கற்றுக்கொண்டு வந்திருந்தார். நமக்கு மொழி தெரியும். பக்கத்து பெஞ்சில் இருப்பவரின் பெயர்தான் தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நாம் பிறரைத் தேற்றுவது தூண்டில் ஆகிவிடக் கூடாது. தஞ்சை மன்னர் துளஜா சாகும் தறுவாயில், தத்தெடுத்த பிள்ளை சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்படைத்தார். அரண்மனைப் பகையிலிருந்து அந்தப் பிள்ளையைக் காத்து, படிக்க வைத்து, அரியணைக்குரியவர் ஆக்கினார் ஐயர். சரபோஜி கடைசிவரை தம் குல தெய்வத்தையே வணங்கினார். அதனால் ஐயரின் அன்பு ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. ஐயர் 1798இல் இறந்தபின், தம் ஆசானுக்குப் பளிங்குக் கல்லில் நினைவுச் சிற்பம் செய்ய மன்னர் லண்டனுக்கே சொல்லி அனுப்பினார். தஞ்சை ஆலயத்தில் இன்றும் பார்க்கலாம்: கட்டிலில் படுத்திருக்கும் ஐயரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

நம் செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை படித்த அப்துல் கலாம் தம் சுயசரிதையில் விடுதி நாள்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அறையில் அவரோடு இருந்தவர்கள் இரண்டு பேர்: ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பிள்ளை, இன்னொருவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். விடுதிக் காப்பாளர் அருள்தந்தை செக்குவேரா இரவுதோறும் கையில் வேதாகமத்தோடு ஒவ்வொரு பிள்ளையாகப் போய்ப் பார்ப்பாராம். தீபாவளி வந்தால், அவர் சொற்படி அறை அறையாக நல்லெண்ணெய் கொடுப்பார்களாம், எண்ணெய்க் குளியலுக்கு. வேதாகமம் பிடித்த கை, தீபாவளிக்கு நல்லெண்ணெய் கொடுத்து அனுப்பியது. இராமேஸ்வரத்து முஸ்லிம் பிள்ளை ஒருவர் அதை வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை.

நாம் கொடுப்பதாக மட்டும் நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். என் அம்மா இறந்த இரவில், எதிர்வீட்டு மாமி பெரிய கூஜா நிறையக் காபி கொண்டுவந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார். ஆசாரமான குடும்பம், துக்க வீட்டுக்கு வந்தால் போய்த் தலைக்குக் குளிக்க வேண்டும். மார்கழிக் குளிர் வேறு. "நீ ஒரு வாய் குடி, நான் பார்த்துட்டுப் போறேன்" என்று விடியும்வரை இருந்தார். தேற்றரவாளன் யார் யார் கையைத் தமக்கு எடுத்துக்கொள்கிறார் என்று சொல்ல நாம் யார்?

இனி, நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போதகர்களே, குருக்களே, பிரசங்கத்தில் பத்து நிமிடத்தைக் குறைத்துக்கொண்டாவது, அந்த வாரம் யாரைப் பார்க்கப் போக வேண்டும் என்று சபையிடம் கேளுங்கள். நீங்களே எல்லார் வீட்டுக்கும் போக முடியாது, போகவும் வேண்டாம். ஆள் அனுப்புங்கள். சபையாரே, உங்கள் போதகரும் மனிதர்தான். கிராமத்துச் சிற்றாலயத்தைத் தனியாளாகத் தாங்கும் உபதேசியாரை, குறை சொல்வதற்கு இல்லாமல் சும்மா ஒருநாள் போன் செய்து, "சாப்பிட்டீங்களாய்யா?" என்று கேளுங்கள்.

ஆலயக் கமிட்டியில் இருக்கும் பெரியவர்களே, குடியை விட்டுவிட்டு வந்தவர், சிறையிலிருந்து வந்தவர், கல்யாணம் முறிந்து தாய் வீட்டுக்கு வந்தவள், இவர்கள் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பாய் விரிக்கிற பொறுப்பாக இருந்தாலும் சரி, எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுங்கள். "மறுபடி தப்புப் பண்ணினால்?" என்று ஒருவர் கேட்பார். மாற்குவைப் பற்றிப் பவுலும் அதையேதான் கேட்டார்.

இளைஞர்களே, நீங்கள் அனுப்புகிற வசனப் படங்களைத் தினமும் காலையில் பார்க்கிறேன், சந்தோஷம். ஆனால் நூறு பேருக்கு ஒன்றாக அனுப்புவதற்குப் பதில், ஒருவருக்கு அவர் பெயரைப் போட்டு இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் நண்பன் வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள். 104, 14416 என்ற இரண்டு எண்களிலும் ஆலோசனை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள். வைத்தியத்துக்கு அழைத்துப் போவதும் விசுவாசத்தின் வேலைதான். செவிலியாகச் சொல்கிறேன்.

என் வயதுப் பெண்களே, "ஜெபத்துல நினைச்சுக்குறோம்" என்ற வார்த்தையை நாம் விட வேண்டியதில்லை. அதோடு இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வோம்: "இப்ப எங்க போகணும்? நானும் வரட்டுமா?"

அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் மதில் ஓரத்தில் நின்ற அந்தத் தங்கைதான். ஞாயிறு இரவு தூக்கம் வராமல் புரண்டவள், செவ்வாய்க்கிழமை விலாசம் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள். அவள் கணவர் ஆட்டோ ஓட்டியவர். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் அவர் வண்டியில்தான் ஆலயத்துக்கு வந்து போவாள். ஆராதனை முடிந்ததும் அந்த மதில் ஓரத்தில்தான் அவர் வண்டியை நிறுத்தியிருப்பார். "காலு தானா அங்க போயிடுச்சுக்கா. போய் நின்ன பெறகுதான் வண்டி வராதுன்னு நெனப்பு வந்துச்சு. எப்புடி வீட்டுக்குப் போறதுன்னே தெரியல. அப்புடியே நின்னுட்டேன்."

அவள் வீடு மாம்பழச் சாலையில் இருக்கிறது. நான் அன்று ஓடிப்போய் ஏறிய 1ஆம் நம்பர் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் சேர்ந்தே போகிறோம், சேர்ந்தே திரும்புகிறோம். பாலத்தில் பஸ் ஏறும்போது அவள் சன்னல் பக்கம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு வருவாள். சில நாள் பேசுவாள், சில நாள் பேசமாட்டாள். மாம்பழச் சாலையில் அவள் இறங்கித் திரும்பிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் நான் கைப்பையைத் திறந்து என் மூக்குக் கண்ணாடியைத் தேடுவேன்.

வருகிற ஞாயிறு உங்கள் ஆலய வாசலில் யாராவது தனியாக நிற்பார்கள். அடுத்த பஸ் வரும்வரை கூட நில்லுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி,
திருவானைக்காவலிலிருந்து.